சர்வஜயாவின் சம்மதம்

நம்முடைய கதைகளில் வருகிற பெற்றோர்கள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒருவர், காதில் கிடப்பதைக் கழற்றி விற்றாவது பிள்ளையைப் படிக்க வைத்துவிட்டுப் பதிலுக்கு ஒன்றுமே கேட்காத தியாகி. மற்றவர், 'நான் சொன்னதைப் படி, இல்லாவிட்டால் வீட்டை விட்டுப் போ' என்கிற கொடுமைக்காரர். இரண்டு வகையையும் நானே எழுதியிருக்கிறேன். வாசகர்கள் உருகிப்போய்க் கடிதமும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் வீடுகளில் நடப்பது அப்படியல்ல என்பது எழுதிய எனக்கும் தெரியும்; உருகியவர்களுக்கும் தெரியும்.

வீட்டில் நடப்பதை அப்படியே எழுதியவர் வங்காளத்து விபூதிபூஷண் பந்தோபாத்யாய. அவருடைய 'பதேர் பாஞ்சாலி' 1929-ல் புத்தகமாக வந்தது. ஆர். ஷண்முகசுந்தரத்தின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் படிக்கலாம். அதன் தொடர்ச்சிதான் 'அபராஜிதோ'. சத்யஜித் ராய் முன்னதை 1955-லும் பின்னதை 1956-லும் படமாக்கினார். ஏழைப் புரோகிதன் ஹரிஹரன், அவன் மனைவி சர்வஜயா, மகன் அபு, இவர்களுடைய கதை என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு பிள்ளையின் ஆசையைப் பெற்றவர்கள் எப்படித் தாங்குகிறார்கள் என்பதற்கு இதைவிட நேர்மையான கதையை நான் படித்ததில்லை.

ஹரிஹரனால் மகனுக்குக் கொடுக்க முடிந்தது கொஞ்சந்தான். நாவலில் ஒரு நாள் சிறுவனை வெளியே அழைத்துக்கொண்டு போகிறான். நீலகண்டப் பறவையைப் பார்க்கப் புறப்பட்ட கூட்டம் அது. வழியில் நீளக் காதுடன் ஏதோ ஒன்று புதருக்குள் ஓடுகிறது. முயல்! பாடப் புத்தகத்துப் படத்தில் மட்டும் இருந்த பிராணி உயிரோடு ஓடுகிறதே என்று பையனுக்கு ஒரே வியப்பு. புத்தகத்தில் இருப்பதெல்லாம் வெளியே எங்கேயோ நிஜமாகவே இருக்கிறது என்ற நம்பிக்கை அவனுக்குள் விழுந்துவிடுகிறது. அபுவின் பிற்கால ஆசைகளுக்கெல்லாம் வித்து அந்த முயல்தான் என்பது என் அபிப்பிராயம். காசில்லாத தகப்பன் கூட வந்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. அதுவே பெரிது.

காசியில் ஹரிஹரன் இறந்தபிறகு பாரம் சர்வஜயாவின் தலையில் விழுகிறது. பணக்கார வீட்டில் சமையல் வேலை பார்த்தவள், பிறகு உறவினரை நம்பிக் கிராமத்துக்குத் திரும்புகிறாள். பையன் குலத் தொழிலைப் பழகுகிறான். பூஜை செய்தால் அரிசியும் பழமும் வீட்டுக்கு வரும். மகனும் கண்ணெதிரே இருப்பான். அவளுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அவனோ பள்ளிக்கூடம் போகவேண்டும் என்கிறான். சரி என்கிறாள். படித்துத் தேறி, மாதம் 10 ரூபாய் உபகாரச் சம்பளத்தோடு கல்கத்தாவுக்குப் போகவேண்டும் என்கிறான். இந்த இடத்தில் நாமாக இருந்தால் தாயைக் கண்ணீரோடு ஆசீர்வதிக்க வைத்திருப்போம். ராயின் படத்தில் அவள் மகனை அறைகிறாள். என்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அவளுடைய கோபம். பிறகு தானே அவனைத் தேடிப் போய்ச் சமாதானம் செய்து, சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுக்கிறாள். அறைந்த கையும் கொடுத்த கையும் ஒன்றுதான். இந்த உண்மையை எழுத நம்மில் எத்தனை பேருக்குத் துணிச்சல் உண்டு?

சம்மதம் என்பது ஒரு தடவை தலையசைப்பதோடு முடிகிற காரியமல்ல என்பதை இந்தக் கதை காட்டுகிறது. பையன் பூகோள உருண்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கல்கத்தாவுக்குப் போய்விடுகிறான். பகலில் கல்லூரி, இரவில் அச்சகத்தில் வேலை. விடுமுறைக்கு வந்த பிள்ளையிடம் சர்வஜயா தயங்கித் தயங்கிப் பேச்செடுக்கிறாள். தனக்கு உடம்புக்கு வந்தால் அவன் வந்து பார்ப்பானா, சம்பாதித்து வைத்தியம் செய்வானா என்று கேட்டுக்கொண்டே போகிறாள். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் அவன் தூங்கிப்போயிருக்கிறான். அவன் கெட்டவனல்ல, பிரயாணம் செய்த களைப்பு. பிறகு உண்மையாகவே உடம்புக்கு வருகிறது. பரீட்சை சமயம் என்று அவனுக்குத் தெரிவிக்காமலே இருந்துவிடுகிறாள். அவன் ஊர் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அன்று கொடுத்த சம்மதத்தை அவள் ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்தப் படம் 1957-ல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பரிசு பெற்றது. ஆனால் வங்காளத்தில் வசூல் இல்லை. தாய்க்கும் மகனுக்கும் நடுவே இப்படி ஒரு விலகல் விழுவதை ஜனங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. தன் வீட்டு ரகசியத்தைப் பலர் கூடிய இடத்தில் யாராவது சொன்னால் யார்தான் கைதட்டுவார்கள்?

நாவலாசிரியர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தாய் இறந்த செய்தி கேட்டதும் அபுவின் மனசில் முதலில் எழுவது துக்கம் அல்ல, ஏதோ ஒரு கட்டு அறுந்தது போன்ற விடுதலை உணர்ச்சி என்று எழுதுகிறார். அடுத்த கணமே தன் மனசைக் கண்டு அவன் பயந்துபோகிறான். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கதை எழுதப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து என் தகப்பனார் என்னோடு பேசவில்லை. ஆனால் மாதம் தவறாமல் மணியார்டர் வந்தது. கீழே தகவல் எழுதுகிற இடம் மட்டும் எப்போதும் காலியாக இருக்கும். ஒரு வார்த்தை எழுதினால் என்ன என்று அப்போது எனக்கு ஆத்திரம். பணம் போதும் என்று நானும் இருந்துவிட்டேன். அவர் போனபிறகு, இனி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற எண்ணம் எனக்கும் ஒரு கணம் வந்தது. அந்தக் காலியிடம் கோபம் மட்டுமல்ல, சம்மதமுந்தான் என்பதை நான் புரிந்துகொண்டது சர்வஜயாவைப் படித்தபிறகு.

பிள்ளைகளின் ஆசைக்கு ஆதரவாக இருங்கள் என்று உபதேசிப்பது சுலபம். அந்த ஆசை நம்மை விட்டு விலகிப் போகிற ஆசையாக இருந்தால், நாம் அழலாம், திட்டலாம், பேசாமலும் இருக்கலாம். ஆனால் மணியார்டர் நிற்கக்கூடாது. பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: பேச்சுக்கு நடுவே தூங்கிப்போவதற்கு முன், இன்னும் ஒரு நிமிஷம் விழித்திருங்கள்.