நன்றியுரையும் ஆராய்ச்சியின் மெய்ம்மையும்

ஆராய்ச்சி நூல்களின் தொடக்கத்தில் அமையும் நன்றியுரையை வெறும் முகமன் எனக் கருதிக் கடந்து செல்வது கற்போர் பலரது வழக்கம். அஃது அந்நூலின் சான்றுகளுள் ஒன்று என்பதே இக்கட்டுரை நிறுவப் புகும் கருத்தாகும்.

நம் பழைய மரபினை முதற்கண் நோக்குவோம். சிறப்புப் பாயிரத்திற்கு ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினை வகுத்தார் பவணந்தியார். காலம், களன், காரணம் என்னும் மூன்றனையும் கூட்டி உரைப்பாரும் உளர் என்றார். நூல் செய்வார்க்குத் துணைநின்றோரைச் சுட்டுதற்கு இவற்றுள் தனியிடம் இல்லை. நன்னூலை இயற்றுவித்த சீயகங்கன் பெயர் பாயிரத்தில் நிலைபெற்றுள்ளது. ஐயம் தீர்த்தோரும் ஏடு எழுதினோரும் இருந்திருப்பின் அவர்தம் பெயர் நமக்கு எட்டவில்லை. புரந்தாரைப் போற்றிய மரபு உழைத்தாரைப் போற்ற இடம் வகுத்திலது.

இக்குறையினை நிறைவு செய்தவருள் தலையாயவர் உ. வே. சாமிநாதையர். 1887-இல் அவர் வெளியிட்ட சீவக சிந்தாமணிக்குச் சமண அன்பர்கள் ஆற்றிய துணை சிறிதன்று. சமயக் கோட்பாடுகளையும் சொற்பொருள்களையும் அவர்களிடம் கேட்டறிந்தமையை அவர் ‘என் சரித்திரம்’ நூலில் விரித்துரைத்துள்ளார். தம் பதிப்புகளில் ஏடு உதவியோரின் பெயரையும் ஊரையும் குறித்தார். இது நன்றி மட்டுமன்று. ஒரு பாடம் எங்கிருந்து வந்தது என்பதைப் பின்வருவோர் ஆராய்தற்குத் திறந்துவைத்த வழியுமாகும்.

எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலின் முகப்பிலேயே, உதவியவராகக் கே. ரங்காச்சாரியின் பெயர் காணப்படுகின்றது. இது பாராட்டற்குரியது. எனினும் எச்செய்தியை அவர் திரட்டினார், எதனைத் தர்ஸ்டன் எழுதினார் என்பது அக்குறிப்பால் விளங்காது. பெயர் சுட்டுதல் ஒன்று. உதவியின் தன்மையைச் சுட்டுதல் வேறொன்று.

இவ்வேறுபாடு எத்துணை இன்றியமையாதது என்பதைத் தளிப் பகுதி நன்கு காட்டும். கருநாடக எல்லையை ஒட்டிய அப்பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மும்மொழிகளும் வழங்குகின்றன. அண்மையிலுள்ள மதகொண்டப்பள்ளி போலப் ‘பள்ளி’ என்று இறும் ஊர்ப்பெயர்களை ஒருவர் ஆராயப் புகுகின்றார் எனக் கொள்வோம். கன்னடம் பேசுவார் அவ்வீற்றினை ‘ஹள்ளி’ என்பர். தெலுங்கர் ‘பல்லி’ என்றும் ‘பல்லெ’ என்றும் வழங்குவர். தமிழர் ‘பள்ளி’ என்பர். ஆராய்வார் யாரிடம் கேட்டாரோ அவர்தம் மொழியே முடிபின் போக்கினை மாற்றவல்லது. அந்நிலையில் “ஊரார் பலர் உதவினர்” என்று எழுதி அமைதல், கல்வெட்டு ஒன்றனை அஃது இருக்கும் இடம் கூறாது வெளியிடுதலை ஒக்கும். சொன்னவர் இன்ன ஊரினர், இன்ன தாய்மொழியினர், இன்னது சொன்னார் என்று குறித்தால்தான் பிறிதொருவர் சென்று அம்முடிபினைச் சோதித்தல் இயலும்.

பெயர் வெளிப்படுதலால் சொன்னவர்க்குத் தீங்கு நேருமேல் என் செய்வது எனச் சிலர் வினவலாம். தக்க வினாவே. ஆண்டு அவர்தம் இசைவு பெறுதல் வேண்டும். இசையாவிடின் பெயரை மறைத்து, மொழியையும் உதவியின் தன்மையையும் மட்டும் உரைக்கலாம். பிழைக்குரிய பொறுப்பு ஆசிரியரையே சாரும் என்பதும் தெளிவாதல் வேண்டும். துணைநின்றார் பெயர் குற்றத்தைச் சுமத்தும் தோளன்று.

செல்வாக்குடையார்க்கு ஒரு பக்கம் நன்றி எழுதி, நடுகல்லின்முன் வழிகாட்டி நின்ற ஊர்க்காரரை ஒரு சொல்லாலும் குறியாத நூல்கள் இன்றும் வெளிவருகின்றன. அவை நன்றி மறந்தன என்பதனினும் தம் சான்றினைத் தாமே அழித்தன என்பதே பொருந்தும். பாயிரத்தின் உறுப்புகளோடு ‘துணை’ என்னும் ஒன்றனையும் இனிச் சேர்த்து எண்ணுதல் ஆராய்வோர் கடனாகும்.