பேயாகாமல் திரும்பியவள்

ஜொகூரில் ஒருவரை ஒரே வார்த்தையில் ஓரங்கட்ட ஓர் ஊர்ப்பெயர் போதும். தம்போய். "இதுக்கு மேல பேசுன, தம்போய்லதான் கொண்டுபோயி விடணும்." 1937இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. இன்று அதன் பெயர் பெர்மாய். மலாயில் அழகு என்று பொருள். பெயர் மாறியும் நம் வாய் மாறவில்லை.

நம் சிறுகதைகளும் இந்த வாயோடுதான் பேசுகின்றன. பிள்ளை பெற்றவள் தூங்காமல் உட்கார்ந்திருப்பாள். தலைவிரி கோலமாகச் சிரிப்பாள். குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள். சாமியாடி வருவார், வேப்பிலை வரும், கடைசிப் பத்தியில் கார் தம்போய்க்குப் புறப்படும். கதை முடிந்தது. நான் வாசித்த பல கதைகளில் அந்தப் பெண் யாரோ ஒருவரின் துயரத்துக்குச் சாட்சியாகத்தான் வருகிறாள்; கணவன் துயரம், மாமியார் துயரம், ஆசிரியரின் துயரம். அவள் தலைக்குள் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. கார் போனபின் என்ன ஆனது என்றும் கேட்பதில்லை.

கேட்டிருந்தால் கதையே வேறாகியிருக்கும். பிரசவத்துக்குப் பிந்திய மனப்பிறழ்வு ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு வருவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கும். இரண்டு மூன்று இரவு தூக்கமே இருக்காது, ஆனால் களைப்பும் தெரியாது. பேச்சு வேகமெடுக்கும். திடீர் சந்தேகம், இல்லாத குரல், "இது என் பிள்ளையே இல்ல" என்ற உறுதி. காலையில் தெளிவாக இருப்பவள் மாலையில் வேறு ஆளாகத் தெரிவாள். அதனால்தான் வீட்டில் "காத்துக் கருப்பு அடிச்சிருச்சு" என்கிறார்கள். பிள்ளை பெற்ற சோர்வோ அழுகையோ அல்ல இது. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம். மருந்து கொடுத்தால் பெரும்பாலான பெண்கள் குணமாகிவிடுகிறார்கள். நம் கதைகள் தொடாத உண்மை இந்தக் கடைசி வரிதான்.

நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. தமிழில் பிரசவ ஜன்னி என்றார்கள். காய்ச்சலையும் பிதற்றலையும் ஒரே சொல்லில் கட்டிவைத்தார்கள். மலாய்க்காரர்கள் மெரோயான் என்கிறார்கள். இந்தப் பழைய சொற்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. இரண்டுமே நோயைப் பிரசவத்தோடு சேர்த்துப் பார்க்கின்றன. பிள்ளை பெற்றதால் வந்தது, அவள் குணம் அல்ல என்ற கருணை அதில் இருக்கிறது. இன்று நாம் சொல்லும் 'மெண்டல்' என்ற சொல்லில் அது இல்லை.

கதை மரபிலோ கருணை செத்தவளுக்கு மட்டும்தான். கர்ப்பிணியாக இறந்தவளுக்குத் தமிழ்நாட்டில் சுமைதாங்கிக்கல் நட்டார்கள். இங்கே பிரசவத்தில் இறந்தவள் பொந்தியானாக் ஆனாள். பிடரியில் ஆணி அடித்தால் அவள் நல்ல மனைவியாகிவிடுவாள் என்பது நாட்டார் கதை. அடங்கிய பெண்ணே குணமான பெண் என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. நம் நவீன கதைகளின் தம்போய்க் காரும் அந்த ஆணியைத்தான் செய்கிறது.

விந்தை என்னவென்றால், இலக்கியம் தயங்கிய இடத்தில் சட்டம் கொஞ்சம் கவனித்திருக்கிறது. மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 309A பிரிவு, பிரசவப் பாதிப்பிலிருந்து முழுதும் மீளாமல் மனச்சமநிலை குலைந்த தாயின் கையால் பச்சைக்குழந்தை இறந்தால், அதைக் கொலைக் குற்றத்திலிருந்து பிரித்துவைக்கிறது. ஆனாலும் 309B பிரிவின்படி 20 ஆண்டு வரை சிறை உண்டு. 'புதிதாகப் பிறந்த குழந்தை' என்றால் எத்தனை நாள் என்று சட்டம் சொல்லவில்லை. பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர்ச் சட்டம் 12 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்று தெளிவாகச் சொல்கிறது. ஒரு நீரிணைக்கு இரண்டு பக்கமும் ஒரே நோய். ஆனால் நோயாளி எத்தனை நாள் நோயாளி என்பது மாறுகிறது. இந்த இடைவெளியில் ஒரு நாவலே இருக்கிறது.

உள்ளிருந்து எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1885இல் மகளைப் பெற்றபின் கடும் மனச்சோர்வில் விழுந்தார். பேர்பெற்ற மருத்துவர் வெயர் மிட்செல் படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார், பேனாவைத் தொடாதே என்றார். 1892இல் கில்மன் 'மஞ்சள் சுவர்த்தாள்' கதையை வெளியிட்டார். கில்மனுக்கு வந்தது மனச்சோர்வுதான். ஆனால் கதையின் பெண் மனப்பிறழ்வின் எல்லையைத் தாண்டிவிடுகிறாள். அதைச் சொல்வது அவளேதான். வெளியே நின்று பார்த்த மருத்துவரைவிட அந்தக் கதைக்கு அவளைப் பற்றி அதிகம் தெரிந்திருந்தது.

நான் எதிர்பார்ப்பது மருத்துவக் கையேடு மாதிரியான கதையை அல்ல. 'விழிப்புணர்வு' கதைகள் இன்னொரு தலைவலி. பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009 முதல் தாயையும் சேயையும் சேர்த்தே அனுமதிக்கும் பிரிவு இயங்குகிறது. குழந்தையைப் பிடுங்காமலேயே வைத்தியம் பார்க்க முடிகிறது. அப்படியொரு பெண் வீட்டுக்கு வந்து முதல் நாள் பிள்ளையைத் தூக்கும்போது, எல்லார் கண்ணும் அவள் கையையே பார்க்குமே, அதை யார் எழுதுவது? பத்தியச் சாப்பாடு போட்ட அம்மா இப்போது இரவில் கதவைச் சாத்தாமல் படுப்பதை? "அடுத்த பிள்ளை எப்போ?" என்று சொந்தக்காரர் கேட்கும்போது, நோய் திரும்பலாம் என்று தெரிந்தும் அவள் சிரித்துவைப்பதை?

கார் தம்போய்க்குப் போன இடத்தில் இதுவரை முடித்தோம். அது திரும்பி வரும் வழியில்தான் கதை தொடங்க வேண்டும்.