மூளை அவனுக்கு, உழைப்பு அவளுக்கு

"கெட்டிக்காரி என்று சொல்லாதீர்கள், நன்றாக முயன்றாய் என்று சொல்லுங்கள்." பெற்றோர் கூட்டங்களில் இன்று அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. இதன் வேர் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, முடித்ததும் சிலரை 'புத்திசாலி' என்றும் சிலரை 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்கள் வந்தன. அவற்றில் தோற்றதும் 'புத்திசாலிகள்' துவண்டார்கள். தம் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள்.

ஆய்வோடு எனக்குச் சண்டை இல்லை. அதை அப்படியே பெண்பிள்ளைகள் முன் கொண்டுவந்து வைப்பதில்தான் தயக்கம். உழைப்பு நமக்குப் புதிதாகக் கிடைக்கும் பாராட்டா என்ன?

2024 பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தமிழ்நாட்டு மாணவியர் 96.44 விழுக்காடு தேர்ச்சி பெற்றார்கள், மாணவர்கள் 92.37. பல ஆண்டுகளாக இதே கதைதான். விளக்கமும் மாறுவதில்லை: "பொம்பளப் பிள்ளைங்க உக்காந்து படிக்கும்." பையன் கோட்டைவிட்டால், "மூளை இருக்கு, படிக்க மாட்டேங்கிறான்." அவள் வென்றது உழைப்பால், அவன் தோற்றது உழைக்காததால். எப்படிப் பார்த்தாலும் மூளை அவனிடமே தங்கிவிடுகிறது!

இங்கிலாந்துக் கணக்கு வகுப்புகளில் வாலரி வாக்கர்டைன் கண்டதும் இதுதான். 1989இல் வெளிவந்த 'கவுண்டிங் கேர்ள்ஸ் அவுட்' நூலில் அதை எழுதியிருக்கிறார். நன்றாகக் கணக்குப் போடும் சிறுமியை, விதிகளைப் பின்பற்றி உழைப்பவள் என்று ஆசிரியர்கள் தள்ளிவைத்தார்கள். மதிப்பெண் குறைந்த பையனுக்குள் ஏதோ திறமை ஒளிந்திருப்பதாக நம்பினார்கள்.

சிறுமிகள் இதை எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் என்னை உலுக்குகிறது. லின் பியானும் உடன் பணியாற்றியவர்களும் 2017இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஐந்து வயதில் சிறுமிகளும் சிறுவர்களைப் போலவே 'மிக மிகப் புத்திசாலி' யாரென்று கேட்டால் தம் இனத்தையே காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் சிறுமிகளிடம் அது குறைந்துவிட்டது. பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்குவது யார் என்றால் மட்டும் பெண்களையே காட்டினார்கள். 'மிக மிகப் புத்திசாலிகளுக்கான' விளையாட்டில் சிறுவர்களைவிட அவர்களுக்கு ஆர்வம் குறைவு. 'விடாமல் முயல்பவர்களுக்கான' விளையாட்டில் அந்த வேறுபாடு இல்லை. இந்தச் சிறுமியிடம் போய் மறுபடியும் "நன்றாக உழைக்கிறாய்" என்றால் அவள் காதில் எப்படி விழும்?

உழைப்பை யார் அளக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. தண்ணீர் பிடித்து, பாத்திரம் துலக்கி, தம்பியைத் தூங்கவைத்துவிட்டு நோட்டைத் திறக்கும் பெண், வகுப்பில் வீட்டுப்பாடம் முடிக்காத சோம்பேறி.

கற்காத பிள்ளைக்கு ஆறுதல் பரிசாக முயற்சியைப் பாராட்டுவது தன் கருத்தல்ல என்று டுவெக்கே 2015இல் எழுதினார். எந்த வழியில் முயன்றாள், அது எங்கே கொண்டுபோனது என்பதையும் பார்க்கச் சொன்னார். "இந்தக் கணக்கை வேறு வழியில் போட்டிருக்கிறாயே, எப்படித் தோன்றியது?" என்று மகளிடம் கேட்கலாம். அவள் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பாத்திரங்களை அண்ணன் துலக்கட்டும். அவனையும் முயற்சிக்காகப் பாராட்டலாம்.