பார்வையாளர் போடும் மதிப்பெண்: தூத்துக்குடியில் செய்தி சேனல்களின் ஆட்டம்

எத்தனை டிக்கெட் விற்றது என்பதை வைத்து ஓர் அணியின் ஆட்டத்தை யாரும் அலசுவதில்லை. செய்தி சேனல்களை மட்டும் நாம் அப்படித்தான் அளந்துகொண்டிருக்கிறோம். வாராவாரம் பார்க் (BARC) என்ற பார்வையாளர் அளவீட்டு அமைப்பின் ரேட்டிங் வந்ததும் ‘நாங்கள்தான் முதலிடம்’ என்ற அறிவிப்பு திரையில் ஓடத் தொடங்குகிறது. 2020-ல் நாடு முழுக்க ஏறக்குறைய 20 கோடி டி.வி. வீடுகள் இருந்தபோது, அந்த ரேட்டிங்குக்காக மீட்டர் பொருத்தப்பட்டிருந்தவை சுமார் 44,000 வீடுகள்தான். அந்த ஆண்டு அக்டோபரில் மும்பையில் ரேட்டிங் மோசடிப் புகார் வெடித்ததும் செய்தி சேனல்களுக்கான ரேட்டிங்கையே நிறுத்தி வைத்தார்கள். 2022 மார்ச்சில்தான் அது திரும்பவும் வந்தது. ரேட்டிங் இல்லாத அந்தக் காலத்திலும் மக்கள் செய்தி பார்த்தார்கள், பார்த்ததைப் பற்றிக் கருத்தும் வைத்திருந்தார்கள். யார் எந்த சேனலை வைத்திருந்தார்கள் என்பதை மீட்டர் சொல்லும். பார்த்தவர் நம்பினாரா, பயன்பட்டதா என்று அது சொல்லாது. அதைப் பார்வையாளரிடம் நேரடியாகக் கேட்டு, ஆசிரியர் குழு பொதுவில் பதில் சொல்லும் ஏற்பாடு வேண்டும் என்பதே இந்த அலசலின் வாதம். அதற்குத் தூத்துக்குடியை விடத் தெளிவான சான்று இல்லை.

முதல் சான்று, 2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் 100-வது நாளில் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மக்கள் பேரணியாகச் சென்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். சாதாரண உடையில் இருந்த போலீஸ்காரர் வேன் மேல் ஏறி நின்று குறிபார்த்த காட்சியை நாடு பார்த்தது என்றால், அது களத்தில் நின்ற கேமராக்களால்தான். அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியே டி.வி. பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டேன் என்றார். மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தை முடக்கினார்கள். பல நாட்களுக்கு அந்த ஊர் மக்களுக்கு டி.வி.யும் பத்திரிகையும்தான் துணை. தெருவில் கண்ணால் கண்டதையும் திரையில் சொன்னதையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் அவர்கள். ‘சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள்’ என்று ஸ்டுடியோக்களில் பேச்சு சூடுபிடித்தபோது, ‘நாங்கள் குடும்பத்தோடு போனோம்’ என்று அவர்கள் சொன்னார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபர் 18-ல் நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. தூண்டுதல் இல்லாமல் நடந்த துப்பாக்கிச் சூடு என்றது அறிக்கை, டி.வி. பார்த்துத் தெரிந்துகொண்டதாக முதல்வர் சொன்னதையும் உயரதிகாரிகளின் சாட்சியத்தைக் காட்டி மறுத்தது. அறிக்கை வந்ததும், 2018-ன் இரவு விவாதங்களில் எது சரியாகச் சொல்லப்பட்டது, எது தவறாகப் போனது என்பதை ஒவ்வொரு சேனலும் தன் பதிவை எடுத்துப்போட்டு பார்வையாளர் முன் சரிபார்த்திருக்க வேண்டும். நடந்ததை நேரில் கண்ட பார்வையாளர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள்.

இரண்டாவது சான்று, 2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. ஏரல் துண்டிக்கப்பட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் சிக்கிக்கொண்டது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்திருந்தது. சென்னைக்குக் கிடைத்த திரை நேரம் எங்களுக்கு ஏன் இல்லை என்று தென்மாவட்டத்தார் வெளிப்படையாகவே கேட்டார்கள். அவர்கள் கேட்டது அனுதாபத்தை அல்ல, தகவலை. எந்தச் சாலை அறுந்தது, எந்தப் பாலத்தில் போகலாம், எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம் என்பது வெளியூரிலும் வளைகுடாவிலும் தவித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது. இங்கேதான் ரேட்டிங்கின் பெரிய ஓட்டை தெரிகிறது. கரன்ட் இல்லாத ஊரில் மீட்டர் எதையும் பதியாது. ஓர் ஊருக்குச் செய்தி மிக அவசரமாகத் தேவைப்படும் நாளில்தான் அந்த ஊர் கணக்கிலிருந்தே காணாமல் போகிறது. அந்த மீட்டரை நம்பி நிகழ்ச்சியை வகுப்பவர்களுக்கு ஏரல் எப்படித் தெரியும்?

பேரிடர் இல்லாத நாளிலும் இதே கதைதான். ‘தூத்துக்குடி துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்’ என்ற வரி சிவப்புப் பட்டையில் ஓடும். 1-ம் எண் என்றால் தொலைவில் கடலில் புயல் உருவாகக்கூடிய சூழல். 3-ம் எண் என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்றின் ஆபத்து. இந்த வேறுபாட்டைச் சொல்ல அரை நிமிடம் போதும். திரேஸ்புரத்து நாட்டுப்படகுக்காரருக்கும் தருவைகுளத்து விசைப்படகுக்காரருக்கும் வேண்டியது அந்த அரை நிமிடம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது, எச்சரிக்கை எட்டுவதற்குள் குமரி மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள் என்பதை இந்தக் கரை மறக்கவில்லை. நேரத்தையும் கவனியுங்கள். பொது விவகார விவாதங்கள் இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும் வருகின்றன. அதிகாலையில் கடலுக்குப் போன விசைப்படகுகள் கரை திரும்பும் நேரம் அது. விடியும் முன்னே பாத்திக்குப் போக வேண்டிய உப்பளத் தொழிலாளிகள் படுக்கும் நேரமும் அதுதான். யாரைப் பற்றி விவாதமோ, அவர்களால் அதைப் பார்க்க முடியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

பிடிக்கவில்லை என்றால் ரிமோட் இருக்கிறதே, மாற்றிக்கொள்ளட்டும் என்பது சேனல் தரப்பின் முதல் பதில். மாற்றியது மட்டும்தான் தெரியவரும், எதற்காக மாற்றினார் என்பது தெரியவராது. காரணம் தெரியாமல் குறையைத் திருத்துவது எப்படி? புகார் செய்ய வழி இருக்கிறது என்பது இரண்டாவது பதில். உண்மைதான். 2021-ல் திருத்தப்பட்ட கேபிள் டி.வி. விதிகளின்படி முதலில் சேனலிடம் புகார் தரலாம். 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கும் அதன் மேல் அரசுக்கும் போகலாம். ஆனால் அந்த விதி, காட்டியதில் உள்ள தவறுக்கானது. காட்டாமல் விட்டதற்கு எந்தப் பிரிவில் புகார் எழுதுவது? காயல்பட்டினத்தின் குறை அந்த இரண்டாவது வகை.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பார்வையாளர் கருத்து என்ற பெயரில் கட்சிக்காரர்களும் ஆலைத் தரப்பும் ஆள் திரட்டி வருவார்கள், ஆசிரியர் குழு அந்தக் கூச்சலுக்குப் பணிந்துவிடும் என்பது அது. இந்தப் பயம் நியாயமானது. பார்வையாளர் சொல்வதெல்லாம் சரி என்றும் நான் வாதிடவில்லை. ஆனால் ஆள் திரட்டிய அழுத்தம் இப்போதும் இருக்கிறது. திரைக்குப் பின்னால் தொலைபேசியில் இருக்கிறது. 2018 ஜூனில் கோவையில் நடத்திய வட்டமேசை விவாதத்துக்காகப் புதிய தலைமுறை சேனல் மீதே வழக்குப் பதிவானது. பார்வையாளரோடு வெளிப்படையாகப் பேசிப் பழகிய சேனலுக்கு அப்படிப்பட்ட நேரத்தில் அவர்களே பாதுகாப்பு. ஒரே வாசகத்தில் நூறு கடிதம் வந்தால் அதையும் திரையில் சொல்லிவிடலாம். எண்ணிக்கையைப் பார்க்க வேண்டியதில்லை. கேள்வி சரியா என்று பார்த்தால் போதும். பி.பி.சி.யின் ‘நியூஸ்வாட்ச்’ நிகழ்ச்சி 2004-லிருந்து இதைச் செய்கிறது: பார்வையாளரின் குறையைச் செய்தி ஆசிரியரிடமே வைத்துப் பதில் வாங்குகிறது. அமெரிக்காவின் சி-ஸ்பான் 1980-லேயே பார்வையாளரின் தொலைபேசி அழைப்பை நேரலையில் எடுக்கத் தொடங்கிவிட்டது. சென்னையிலிருந்து வரும் ‘தி இந்து’ நாளிதழ் 2006-லேயே வாசகர்களுக்கென்று தனி ஆசிரியரை நியமித்தது. அச்சில் முடிந்தது திரையில் முடியாதா?

என் மதிப்பீடு இது. தூத்துக்குடியில் கள நிருபர்களும் ஒளிப்பதிவாளர்களும் நன்றாக ஆடினார்கள். தடியடிக்கும் வெள்ளத்துக்கும் நடுவே நின்றார்கள். ஸ்டுடியோ பின்தங்கியது. பதில் சொல்லும் பொறுப்பில் மதிப்பெண் போடவே வழியில்லை, ஏனென்றால் அந்தத் தேர்வை யாரும் எழுதவில்லை. வாரத்துக்கு அரை மணி நேரம், ஆசிரியரே வந்து உட்காரும் நிகழ்ச்சி ஒன்றைத் தமிழ் செய்தி சேனல்கள் தொடங்கட்டும். முதல் பதிவைத் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில், படகுகள் கரையில் நிற்கும் ஞாயிற்றுக்கிழமையில் வைக்கட்டும். பார்வையாளர்களுக்கும் ஒரு வேலை உண்டு. குறை தெரிந்தால் சேனலை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் குறித்து, சேனலுக்கு எழுதி, பதில் கேளுங்கள்.