வாங்கினா மாஸ்பெர்க் வாங்குங்க!

மாஸ்பெர்க் 500 பத்தி என்கிட்ட நடுநிலையான அபிப்பிராயம் எதையும் எதிர்பார்க்காதீங்க. மாடல் பேரும் 500, விலையும் 500 டாலருக்குள்ள! ஆர்கன்ஸாஸ்ல, நெல்லுக்கும் வாத்துக்கும் உலகத் தலைநகரம்னு மார்தட்டிக்கற ஸ்டட்கார்ட் பக்கம், 2,000 டாலர் இத்தாலியத் துப்பாக்கிக்காரங்க நடுவுல இந்த பம்ப் ஷாட்கன்னைத் தோள்ல மாட்டிக்கிட்டு ராஜநடை போடறவன் நான்.

நான் இடது கைக்காரன். நிறைய துப்பாக்கியில சேஃப்டி பொத்தான் விசைக்குப் பக்கத்துல, வலது கைக்குத் தோதா இருக்கும். இதுல மேல, கட்டைவிரல் தானாப் போய் உட்கார்ற இடத்துல இருக்கு. கடையில தோள்ல வச்சேன், விரல் அதைத் தொட்டுது, அவ்வளவுதான், விழுந்துட்டேன். வீட்டுக்கு வந்து, தோட்டா இல்லைன்னு ரெண்டு தடவை பார்த்துக்கிட்டு, கூடத்துல நின்னு முன்பிடியைச் சர்ரக்-சர்ரக்னு இழுத்துத் தள்ளிக்கிட்டே இருந்தேன். "இன்னொரு தடவை அந்தச் சத்தம் கேட்டா ராத்திரி சோறு கிடையாது"ன்னு உள்ளேருந்து குரல் வந்த பிறகுதான் நிறுத்தினேன்.

வாத்துக்கு எந்தத் துப்பாக்கியும் சரிப்படும்னு நினைச்சுடாதீங்க. சேத்துல கிடக்கற ஈய ரவையை முழுங்கி நீர்ப்பறவைங்க விஷமேறிச் செத்ததால, 1991லேருந்து அமெரிக்கா முழுக்க அந்த வேட்டைக்கு ஈயம் கூடாது. அதனால எஃகு ரவை. எடை கம்மி, வேகம் சீக்கிரம் தணிஞ்சுடும், ஈடுகட்டப் பெரிய ரவையா நிறையப் போடணும், அதுக்கு 3 அங்குலத் தோட்டா வேணும். 12 கேஜ் மாஸ்பெர்க் அதை அப்படியே முழுங்கும்! எஃகு அதிகம் சிதறாது, அதனால குழல் முனையில ரவைச் சிதறலைக் கட்டுப்படுத்தற மாடிஃபைடு சோக் திருகினாலே போதும். மரங்களுக்கு நடுவுல கிட்டத்துல சுடறதுன்னா இம்ப்ரூவ்ட் சிலிண்டர் சோக். தோட்டாக் குழாய்க்குள்ள ஒரு குச்சியைச் செருகிட்டா மொத்தம் 3 தோட்டாதான் ஏறும். சட்டம் கேக்கறதும் அதுதான்.

இப்போ கண்ணை மூடிக் கற்பனை பண்ணுங்க. பேயூ மீட்டோ காடு, இடுப்பளவு தண்ணியில நிக்கற ஓக் மரங்க, விரல் விறைக்கற குளிர், சூரியன் உதிக்கறதுக்கு அரை மணி முன்னாடிதான் சுட ஆரம்பிக்கலாம்னு எல்லாரும் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு மரத்தோட மரமா ஒட்டி நிக்கறோம், பக்கத்துல ஒருத்தர் ஊதலை வாயில வச்சுக் க்வாக் க்வாக்னு கூப்பிடறார், நான் காலால தண்ணியை உதைச்சு அலை கிளப்பறேன், மேல வட்டமடிக்கற கூட்டம் கீழே வாத்துங்க மேயுதுன்னு நம்பி, ஐயோ, நம்பி, கிளைகளைப் பிளந்துக்கிட்டு, பச்சைத் தலை மினுங்க, ஆரஞ்சுக் காலை நீட்டிக்கிட்டு நேரா நம்ம மேலயே இறங்குது பாருங்க, கட்டைவிரல் முன்னால நகருது, டமார், சர்ரக், டமார், எனக்குக் காதும் அடைக்குது, தொண்டையும் அடைக்குது!

உதைக்காதான்னு கேட்டா, கொஞ்சம் உதைக்கும். 3 அங்குலத் தோட்டாவுக்கு எந்த பம்ப்தான் உதைக்காது? சாயங்காலம் தோள்ல கன்னிப்போன இடத்தைத் தடவிச் சிரிச்சுக்கற கிறுக்கன் நான். தண்ணியில, சேத்துல முங்கி எடுத்தாலும் உடல்பகுதி துருப்பிடிக்காது, அலுமினியம்.

மிச்சக் காசுல ஒழுகாத ரப்பர் உடை வாங்குங்க, வேட்டைக்குக் கட்டாயமான 25 டாலர் வாத்து முத்திரை வாங்குங்க, கோடையில களிமண் தட்டு சுட்டுப் பழகப் பெட்டி பெட்டியாத் தோட்டா வாங்குங்க. எனக்கு இதே மாடல்ல 20 கேஜும் வேணும். வீட்ல இன்னும் சொல்லலை.