தொகோன் மரவுருவங்களும் திறனாய்வாளர் கண்ணும்

கன்னியாவிலுள்ள வெந்நீர்க் கிணறுகள் ஏழும் இராவணன் தன் தாயின் ஈமக்கடனைச் செய்தற்பொருட்டு உண்டானவை என்பது திருகோணமலையில் வழிவழி வழங்கும் கதை. அந்தியேட்டிக்கு அவ்விடத்தை நாடுதல் இப்பகுதிச் சைவர்தம் நெடுங்கால வழக்கம். சைவ அபரக்கிரியையிலே, சிறு கல் ஒன்றை இறந்தாராகவே பாவித்துப் பூசித்து, முடிவில் அதனை நீரிலே விட்டுவிடுவர். அக்கல் அழகியதா என்று எவரும் கேட்பதில்லை.

இதனை மனத்திற் கொண்டு நோக்குவார்க்கே, மேற்கு ஆபிரிக்கத் தொகோன் மக்களின் மரவுருவங்களைப் பற்றி எழுந்த ஆராய்ச்சிகளின் குறை நன்கு புலனாகும். மாலி நாட்டிலே பாண்டியகாரா என்னும் நெடும்பாறைச் சரிவில் வாழ்பவர் இம்மக்கள். உருவங்களைச் செதுக்குவோர் அவர்களுட் கொல்லரே. தச்சனையும் கொல்லனையும் கம்மாளர் என ஒரே குலத்துள் அடக்கிய தமிழர்க்கு இது புதுமையன்று. முழந்தாளிட்ட பெண், குதிரைவீரன், அருகருகே அமர்ந்த ஆணும் பெண்ணும், இரு கைகளையும் வான்நோக்கி உயர்த்தி நிற்பவர் எனப் பல வகையின அவ்வுருவங்கள். அவற்றைப் பலிமேடையில் வைத்துக் கம்பங்கூழும் பலியுயிரின் குருதியும் சொரிவர். ஆண்டுதோறும் சொரிந்தவை உறைந்து, செதுக்கிய முகத்தையே மறைத்துவிடுதலும் உண்டு. முகம் மறைவதைப் பற்றி அங்கு யாரும் கவலுற்றிலர். பாரிசிலும் நியூயோர்க்கிலும் உள்ள நூதனசாலைகளிலோ அந்தப் படிவே பழமைக்குச் சான்றாக மதிக்கப்படுகின்றது.

இவ்வுருவங்கள் யாரைக் குறிப்பன? முன்னோரை என்பது பெருவழக்கு. பிரெஞ்சு அறிஞர் மார்செல் கிரியோல் 1946இல் ஒகொதெம்மேலி என்னும் கண்ணிழந்த வேட்டுவரோடு முப்பத்துமூன்று நாள் உரையாடி, 1948இல் வெளியிட்ட நூலிலே, தொகோன் வாழ்வு முழுவதையும் ஒரு பெரும் படைப்புக்கதையுள் அடக்கிக் காட்டினார். அதன்பின் உயர்த்திய கைகளிலும் அக்கதையே கண்டார் பலர். ஒல்லாந்த அறிஞர் வால்தர் வான் பேக் அம்மக்களோடு தங்கி ஆராய்ந்து, அத்தகைய கதை ஊரார் அறிந்ததன்று என 1991இல் எழுதினார். மேடையிலுள்ள உருவம் இறந்தாரைக் குறிப்பதன்று, வேண்டுதலோடு நிற்கும் உயிருள்ள மனிதனையே குறிப்பது என்பதும் அவர் துணிபு. கிரியோல் கூற்று முற்றும் புனைவு என்று தள்ளுதல் பொருந்தாது. ஒரு முதியவரின் ஆழ்ந்த சிந்தனையும் அவ்வினத்தின் செல்வமே. ஆயினும் அதனை ஊர் முழுவதன் நம்பிக்கையாக விரித்தது பிழை.

இப்பிழைக்கு இடமளித்தது உருவங்களை மேடையினின்று பிரித்தமையே. கிரியோல் 1931இல் தலைமை தாங்கிச் சென்ற தக்கார்–ஜிபூத்தி ஆராய்ச்சிக்குழு வழியில் எத்துணைப் புனிதப் பொருள்களை அச்சுறுத்தியும் மறைவாகவும் கவர்ந்தது என்பதை அக்குழுவினரான மிசேல் லெரிசு தம் நாட்குறிப்பில் ஒளியாது எழுதி, 1934இல் அச்சிட்டார். கொணர்ந்தவன் எழுதிய பெயர்ச்சீட்டையே பின்வந்தோர் பொருளாகக் கொண்டனர். அந்தியேட்டிக் கல்லும் அவ்வாறு அயல்நாடு சென்றிருப்பின், ‘செதுக்கப்படாத கல்’ என்பதற்கு மேல் அதன் சீட்டில் என்ன இருந்திருக்கும்?

திருகோணமலையில் வேறொன்று நிகழ்ந்தது. 1950இல் கிணறு தோண்டியபோது, போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த காலத்திற் புதைக்கப்பட்டன எனக் கருதப்படும் சோமாஸ்கந்தர் முதலான செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. தெய்வத் திருமேனி வேறு, முன்னோர் உருவம் வேறு. ஆயினும் இடம்பெயர்ந்த வழிபாட்டுப் பொருள் எங்குச் சேரவேண்டும் என்னும் வினா இரண்டிற்கும் ஒன்றே. அவை நூதனசாலைக்குச் செல்லாது கோயிலுக்கே மீண்டன. பட்டும் மாலையும் சார்த்தியபின் அவற்றின் வார்ப்பு நுட்பத்தைக் காண இயலாமை கலைமாணவனுக்கு இழப்பு என்பதை மறுத்தற்கில்லை.

தொகோன் உருவங்களுக்கோ மீளுதல் அத்துணை எளிதன்று. அம்மக்களிற் பலர் இசுலாத்தையும் கிறித்தவத்தையும் தழுவிவிட்டனர். 2012 முதல் மாலியில் மூண்ட போர் அவர்தம் ஊர்களையும் சிதைத்துள்ளது. பாரிசிலுள்ள உருவம் திரும்பி வரினும், கூழ் சொரிவார் உள்ள மேடையைத் தேடியே அதனைக் கொண்டுசெல்லல் வேண்டும்.