அரை மெகாஹெர்ட்ஸ் தூரத்தில் நின்றுவிட்ட ஒலி

லண்டனில் நெடுங்காலம் குடியிருந்துவிட்டுச் சென்ற தை மாதம் சென்னைக்கே திரும்பிவிட்ட என் அத்தை, தம் மகளின் அரங்கேற்றம் பதிவாகியிருந்த வி.எச்.எஸ். நாடாவோடு, அதை ஓட்டுவதற்கென்று அங்கே வாங்கியிருந்த வீடியோ யந்திரத்தையும் என்னிடம் ஒப்படைத்து, “நீதானப்பா இதைப் பார்த்துச் சொல்லணும்” என்றார்.

யந்திரத்தின் ஆன்டெனா கம்பியை எங்கள் வீட்டுப் பழைய டியூப் தொலைக்காட்சியில் செருகி, 36-ஆம் சானலைத் தேடிப் பிடித்தவுடன் படம் நிர்மலமாக வந்தது. நட்டுவனார் கையில் தாளங்கள் மோதிப் பிரிவதையும், சலங்கை கட்டிய பாதம் தரையில் விழுவதையும் கண்ணால் காண முடிந்தது. செவிக்கு எட்டியதோ ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் ஒன்றே. நாடாவை மாற்றினேன், ஹெட்டைச் சுத்தம் செய்தேன், பயனில்லை. தெருமுனை மெக்கானிக், “ஹெட் தேஞ்சு போச்சு சார்” என்று தீர்ப்பே வழங்கிவிட்டார்.

தேய்ந்தது எதுவுமில்லை. பிரிட்டனும் இந்தியாவும் 625 கோடுகளும் ‘பால்’ (PAL) வர்ண முறையும் கொண்ட ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாதலால் படத்துக்கு இடையூறு நேரவில்லை. ஆனால் படத்தைச் சுமக்கும் அலைக்கு அப்பால் ஒலியைச் சுமக்கும் அலை எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதில் இரு தேசங்களும் வேறுபட்டு, நாம் 5.5 மெகாஹெர்ட்ஸ் என்றும் அவர்கள் 6 மெகாஹெர்ட்ஸ் என்றும் வகுத்துக்கொண்டோம். ஆகவே 36-ஆம் சானலில் படம் 591.25-இல் பொருந்தியிருக்க, ஒலி 597.25-இல் வந்து நிற்கிறது; நம் பெட்டியோ அதை 596.75-இல் எதிர்பார்த்துக் காத்திருக்கிறது.

இதற்கென்றே சில யந்திரங்களின் முதுகில் நம் முறைக்கு ‘ஜி’, அவர்கள் முறைக்கு ‘ஐ’ என்று எழுதிய சிறிய சுவிட்ச் ஒன்று உண்டு. இதில் அது இல்லாததைப் பெருங்குறையாகவே நான் கருதுகிறேன். பிறகு மெக்கானிக் சொன்னபடி உள்ளேயிருக்கும் காயிலைத் திருகிச் சரிசெய்யவும் கூடும். ஆனால் பிரிட்டிஷ் முறைக்கென்று அமைந்த அந்த நுட்பமான பாகத்தில் கைவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

கூடத்திலிருக்கும் புதிய எல்.இ.டி. பெட்டியில், அனலாக் சானல்களை நாமே தேடும் பகுதியில் ஒலி முறை ‘பி/ஜி’ என்றிருந்ததை ‘ஐ’ என்று மாற்றிய கணத்திலேயே ஒலி பிறந்துவிட்டது. ஆயினும் ஆன்டெனா கம்பி வழியாக வருவது ஒற்றைத் தடத்து ஒலிதான். யந்திரத்தின் பின்புறமுள்ள 21 முனை ஸ்கார்ட் துவாரத்துக்கு ஓர் இணைப்பான் வாங்கி, அதிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைப் பெட்டிக்கு இழுத்த பிறகே இரட்டைத் தடத்து ஹை-ஃபை ஒலி பூரணமாகக் கிடைத்தது. நாடாவைச் சற்றும் கசக்காமல் உள்ளிழுக்கும் பாங்கையும், நிறுத்திய காட்சி நடுங்காமல் நிற்கும் நேர்த்தியையும் எண்ணும்போது, அந்த வயர்களோடு சேர்த்தே இந்த யந்திரத்தை எவருக்கும் மனமாரச் சிபாரிசு செய்வேன்.

மாலையில் அத்தை வந்து உட்கார்ந்தார். அலாரிப்பின் முதல் சொற்கட்டு இடப்பக்கத்து ஒலிபெருக்கியிலும், மிருதங்கம் வலப்பக்கத்திலுமாக எழுந்தன. “இன்னும் கொஞ்சம் சத்தமா வைப்பா” என்றார்.